குன்னூர்ல ஒரு ஸ்டுடியோ: எங்க பாப்பாவோட ஆடிஷன் வீடியோ அனுபவம்

குழந்தைங்க பாட்டு ரெக்கார்ட் பண்ண நீலகிரில நல்ல இடம் எதுன்னு நிறைய பேர் கேக்கறாங்க, அதனால போன ஆகஸ்ட்ல நாங்க போன ஸ்டுடியோ பத்தி முழுசா எழுதறேன், கொஞ்சம் நீளமாதான் வரும். இடம் குன்னூர் பெட்ஃபோர்டுல இருந்து மேல ஏறுற ஒரு சந்துல, பழைய கட்டடம், ரெண்டாவது மாடி, கீழ தையல் கடை. போர்டு கிடையாது. அந்த அண்ணா ஒருத்தர்தான் எல்லாம், ரெக்கார்டிங் மிக்ஸிங் ஃபோன் எடுக்கறது வரைக்கும், அவரே பேரெல்லாம் போட வேண்டாங்க கூட்டம் வந்தா சமாளிக்க முடியாதுன்னு சொன்னதால போடல. பெரும்பாலும் படகா பாட்டுதான் (நீலகிரி படகர் மக்களோட மொழில வர்ற பாட்டு) பண்றாரு, அவங்க ஹெத்தையம்மன் பண்டிகை சமயத்துலயும் கல்யாண சீசன்லயும் டேட்டே கிடைக்காது, டிசம்பர் ஆனா சர்ச் கொயர்காரங்க வந்துருவாங்க. பெட்ஃபோர்டுல பாட்டு பாடற யாரைக் கேட்டாலும் வழி சொல்லுவாங்க.

எதுக்குப் போனோம்னா, எங்க அக்கா அயர்லாந்துல கால்வேல நர்ஸ், அவ பொண்ணுக்கு 11 வயசு, அங்கதான் பொறந்து வளந்தது. ஜூனியர் யூரோவிஷன்னு ஒரு போட்டி இருக்கு, நாட்டுக்கு ஒரு குழந்தை (இல்லன்னா ஒரு சின்ன குரூப்) போய் பாடணும், 2003ல கோபன்ஹேகன்ல ஆரம்பிச்சது, ஐரோப்பிய நாடுங்க பாட்டுல மோதிக்கற பெரியவங்க யூரோவிஷனோட குழந்தைங்க பதிப்புன்னு வெச்சுக்கலாம். அயர்லாந்து சேந்தது 2015ல, அனுப்பறது டிஜி4ன்னு ஒரு சேனல், அது ஐரிஷ் மொழி சேனல், அதனால பாட்டு ஐரிஷ்லதான். அங்க பெரும்பாலானவங்க வீட்ல இங்கிலீஷ்தான் பேசறாங்க, ஐரிஷ் ஸ்கூல்ல படிக்கறது, எங்க பாப்பாவுக்கு அது மூணாவது மொழி, ஆனா டீச்சர் நல்லா சொல்லிக் குடுத்திருக்காங்க. லீவுக்கு கோத்தகிரி வந்திருந்தப்பதான் பாடின வீடியோ அனுப்ப கடைசி நாள் நெருங்கிருச்சுன்னு அக்கா சொன்னா, சரி இங்கயே எடுத்துரலாம்னு முடிவு பண்ணோம்.

முதல்ல நாங்க போனது இங்க இல்ல. கீழ சமவெளில ஒரு டவுன்ல பெரிய ஸ்டுடியோ, ஏசி, கண்ணாடி ரூம், ரிசப்ஷன் எல்லாம் இருக்கும், ஊர் பேர் கூட வேண்டாம். காலைல கோத்தகிரில இருந்து கிளம்பி மேட்டுப்பாளையம் இறங்கிப் போய், பாப்பாவுக்கு அந்த வளைவுல ரெண்டு தடவை வாந்தி, இருந்தாலும் பாடிட்டா. பாட்டை நாலு வரி நாலு வரியா உடைச்சு பஞ்ச் பண்ணி எடுத்தாங்க. ரெண்டு நாள்ல ஃபைல் வந்துச்சு. கேட்டா பளபளன்னு இருக்கு, எந்த இடத்துலயும் சுருதி விலகல, மூச்சு விடற சத்தமே இல்ல. பாப்பா ஹெட்ஃபோனைக் கழட்டி வெச்சுட்டு "சித்தி, இது யாரு"ன்னு கேட்டா. நான் நீதான்டான்னு சொன்னேன், அவ தலைய ஆட்டிட்டு உள்ள போயி போர்வைய இழுத்து மூடிப் படுத்துட்டா, சாயங்காலம் வரைக்கும் எந்திரிக்கல. பிட்ச் கரெக்‌ஷன் (கம்ப்யூட்டர்ல சுருதியைச் சரி பண்றது) போட்டு ஒரு குழந்தை குரலை அப்படியே இஸ்திரி போட்டு வெச்சிருந்தாங்க. எனக்கு இன்னைக்கு நினைச்சாலும் மனசு கஷ்டமா இருக்கு, காசு போனது பெருசில்ல, அந்தப் புள்ள முகம் போன போக்கு.

அப்புறம் எங்க ஃபேக்டரில வேல செய்யற ஒரு அக்கா, அவங்க அண்ணன் மகன் படகா பாட்டு பாடறவர், அவர் மூலமா இந்த இடம் தெரிஞ்சுது.

போன அன்னைக்கு மழை இல்ல ஆனா நல்ல மிஸ்ட், எதிர்ல வர்ற வண்டி தெரியல. குன்னூர் கிட்டத்தட்ட 6,000 அடி உயரம், கால்வே கடல் ஓரம், படி ஏறி வந்ததுக்கே பாப்பாவுக்கு மூச்சு வாங்குது. அந்த அண்ணா மைக் பக்கமே விடல, இருபது நிமிஷம் உக்காருங்கன்னு ஒரு ஸ்டூல் போட்டாரு, வெந்நீர் குடுத்தாரு, நான் ஃபிளாஸ்க்ல டீ கொண்டு போயிருந்தேன், பாலு சேத்த டீ பாடறதுக்கு முன்னாடி வேண்டாங்க தொண்டைல கோழை கட்டின மாதிரி இருக்கும்னு அதை ஓரமா வெச்சுட்டாரு. அந்த இருபது நிமிஷமும் மீட்டர்ல சேத்துக்கல, இதைக் குறிப்பா சொல்லணும்.

மைக் எங்க இருந்துச்சு தெரியுமா, ஒரு எவர்சில்வர் டப்பால. வீட்ல அரிசி முறுக்கு போட்டு வெப்போமே அந்த மாதிரி, மூடி இறுக்கமா இருக்கற டப்பா, உள்ள துணில சுத்தின மைக், சுத்தி சிலிக்கா ஜெல் பொட்டலம். கண்டென்சர் மைக்குக்கு ஈரம் ஆகாதாம், நம்ம ஊர் மிஸ்ட்ல ரெண்டு நாள் வெளிய விட்டா படபடன்னு சத்தம் குடுக்க ஆரம்பிச்சிரும்னாரு. ஒவ்வொரு ரெக்கார்டிங் முடிஞ்சதும் திரும்ப டப்பாக்குள்ள. பொட்டலம் ஈரம் குடிச்சிருச்சுன்னா தோசைக்கல்லுல லேசா சூடு பண்ணி மறுபடி உபயோகப்படுத்தறாராம். சுவர்ல வாங்கின ஃபோம் பாதிதான், மீதிக்கு பழைய கம்பளி, ஒரு பக்கம் மெத்தையை நிமித்தி வெச்சிருக்காரு. பாக்க ஒண்ணும் அழகா இருக்காது. ஆனா கதவைச் சாத்தினா அந்த ரூம்ல உங்க மூச்சு உங்களுக்கே கேக்கும்.

முதல்ல ட்ராக்கே போடல. கீபோர்டுல ஒவ்வொரு கட்டையா வெச்சு பாப்பாவை ஆ...ன்னு பாடச் சொன்னாரு, மேல எவ்ளோ போகுது, கீழ எவ்ளோ இறங்குதுன்னு பாத்தாரு. ஸ்கூல்ல குடுத்த மைனஸ் ட்ராக் (குரல் இல்லாத பின்னணி இசை) 6 கட்டை சுருதில இருந்துச்சு, அதுல உச்சத்துல நிக்கும்போது கழுத்து நரம்பு புடைக்குதுன்னு கவனிச்சு சொன்னாரு, நான் இவ்ளோ நாள் பாக்கறேன் எனக்கு அது தெரியல. 5 கட்டைக்கு இறக்கிக் குடுத்தாரு. அக்கா வாட்ஸ்அப் கால்ல இருந்தா, உயரமா பாடினாதானே ஜட்ஜுங்களுக்குப் பிடிக்கும்னு கேட்டா, அதுக்கு இவரு "இந்த வயசுல குரல் தினம் மாறும் தாயீ, இன்னைக்கு எட்டற இடத்துல வெச்சாத்தான் மேடைல போய் நின்னாலும் எட்டும்"னாரு.

அப்புறம் பண்ணதுதான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. பாப்பாவோட பேப்பரை வாங்கினாரு, ஐரிஷ்ல எழுதியிருக்கு, அவருக்கு ஒரு எழுத்து புரியாது. ஒவ்வொரு வரிக்கும் அர்த்தம் சொல்லும்மான்னு கேட்டு பென்சில்ல தமிழ்ல பக்கத்துல எழுதிக்கிட்டாரு. பாட்டு, கடலுக்குப் போன ஆளு திரும்பி வரலன்னு கரைல நின்னு பாக்கறதைப் பத்தினது. பாப்பாவோட தமிழ் அரைகுறை, அவ இங்கிலீஷ்ல சொல்ல நான் தமிழ்ல சொல்ல, அரை மணி நேரம் ஆச்சு. எழுதி முடிச்சிட்டு மூணாவது வரில விரல் வெச்சு, நீ இங்க மூச்சு விடற, ஆனா "படகு" ஒரு பக்கமும் "வரல" இன்னொரு பக்கமும் நிக்குது, ரெண்டையும் சேத்துப் பாடிட்டு அப்புறம் மூச்சு எடுன்னாரு. பாடிப் பாத்தா. மொழியே தெரியாத எனக்கு அந்த வரி முதல் தடவை புரிஞ்ச மாதிரி இருந்துச்சு. எப்பிடிங்கணா கண்டுபிடிச்சீங்கன்னு கேட்டதுக்கு, படகா பாட்டு ரெக்கார்டிங்குக்கு வெளியூர்ல இருந்து பாடகருங்க வருவாங்க, அவங்களுக்கு மொழி தெரியாது, எழுதி வெச்சுப் பாடுவாங்க, மூச்சு தப்பான இடத்துல விட்டா ஊர்ல பாட்டிங்க உடனே கண்டுபிடிச்சிருவாங்க, அப்ப இருந்து இதே வேலைதான்னாரு.

ரெக்கார்டிங் எப்பிடின்னா, முழுப் பாட்டும் ஒரே மூச்சா, வெட்டாம ஒட்டாம, வீடியோவும் ஆடியோவும் ஒண்ணா ஓடும், தப்பானா திரும்ப முதல்ல இருந்து. மூணு டேக். முதல் டேக் பயம். ரெண்டாவது டேக்ல கடைசி வரிக்கு முன்னாடி குரல் லேசா ஒரு நூல் அளவு உடைஞ்சுது ஆனா அதுக்கப்புறம் வந்த கடைசி வரி இருக்கே, எனக்கு கை மயிர் சிலுத்துருச்சு. மூணாவது டேக் சுத்தம், தப்பே இல்ல. அக்கா மூணாவதுதான் அனுப்பணும்னா, நான் எதுவும் சொல்லல, அண்ணா ரெண்டாவதுன்னாரு. ரெண்டையும் பாப்பா கண்ணை மூடிக் கேக்கட்டும்னு ஹெட்ஃபோனைக் குடுத்தாரு. அவ ரெண்டாவதைக் காட்டினா, "இதுலதான் அவங்க கரைல நிக்கறாங்க"ன்னா. அதைத்தான் அனுப்பினோம்.

அந்த உடைஞ்ச இடத்தை மட்டும் கம்ப்யூட்டர்ல சரி பண்ண முடியாதான்னு அக்கா கேட்டா. முடியும், ஆனா பண்ண மாட்டேன்னு தெளிவா சொல்லிட்டாரு. ஆடிஷன்னு சொல்லிட்டு வர்ற குழந்தைங்களுக்கு அவர் சுருதியைத் தொடறதில்ல, சத்தம் ஏத்த இறக்க, கொஞ்சம் ரிவெர்ப் (லேசான எதிரொலி), அவ்ளோதான். நான் இதை முழு மனசோட ஏத்துக்கறேன். ஜூனியர் யூரோவிஷன்ல மெயின் குரல் லைவாதான் பாடணும், பின்குரல் வேணா ட்ராக்ல வரலாம். டெமோல கம்ப்யூட்டர் பாடி செலக்ட் ஆகி, அங்க பல்லாயிரம் பேர் பாக்கற மேடைல குழந்தை நிஜக் குரலோட தனியா நிக்கணும்னா அதை விடக் கொடுமை என்ன இருக்கு. தேர்ந்தெடுக்கறவங்க கேக்கறது மேடைல நிக்கப் போற குரலாவே இருக்கணும்.

நான் இந்தப் போட்டியை 2022ல இருந்து பாக்கறேன், யூட்யூப்ல லைவ் வரும், நமக்கு ராத்திரி சாப்பாட்டு நேரம். அந்த வருஷம் ஆர்மீனியால எரவான்ல நடந்துச்சு, அயர்லாந்துப் பொண்ணு சோஃபி லெனன் ஐரிஷ்ல பாடி 4ஆவது இடம் வந்தா, அக்கா வீட்ல ஒரே கத்தல், நாங்க இங்க கோத்தகிரில அடுப்பு முன்னாடி ஃபோனை வெச்சுட்டு கத்தினோம். பாதி மார்க் ஜூரி, பாதி ஆன்லைன் ஓட்டு, குறைஞ்சது மூணு நாட்டுக்குப் போடணும், அதனால நம்ம நாட்டுக்கு மட்டும் போட்டுட்டு ஓட முடியாது, மத்த குழந்தைங்க பாட்டையும் உக்காந்து கேட்டே ஆகணும், எனக்கு இந்த ரூல் ரொம்ப நல்ல ரூல்னு படுது.

ஒவ்வொரு நாடும் ஆள் எடுக்கற விதம் வேற வேற. பிரான்ஸ் டிவிக்காரங்க உள்ளுக்குள்ளயே ஒரு குழந்தையைத் தேர்ந்தெடுத்து அறிவிச்சிருவாங்க, 2020, 2022, 2023, 2025ன்னு நாலு தடவை ஜெயிச்சிருக்காங்க அப்படியே. நெதர்லாந்து 2003ல இருந்து 2025 வரைக்கும் ஒரு வருஷம் விடாம கலந்துக்கிட்ட நாடு, அங்க ஆடிஷன் வெச்சு டிவில ஃபைனல் நடத்தி எடுப்பாங்க, ஜெயிச்சது 2009ல ஒரு தடவைதான். போலந்து 2018லயும் 2019லயும் அடுத்தடுத்து ஜெயிச்சுது, 2019ல ஆள் எடுத்தது டிவி பாட்டுப் போட்டி வழியா. மால்டான்னு ஒரு தீவு, நம்ம நீலகிரி மாவட்டத்துல கிட்டத்தட்ட எட்டுல ஒரு பங்குதான் வரும் பரப்பளவுல, 2013லயும் 2015லயும் ஜெயிச்சிருக்கு. நான் நினைக்கறது என்னன்னா, உள்ளுக்குள்ள தேர்ந்தெடுக்கறதுல ஒரு குழந்தை தோத்துட்டேன்னு டிவில எல்லார் முன்னாடியும் நிக்க வேண்டியதில்ல, ஆனா எங்க பாப்பா மாதிரி வெளிய இருந்து வர்ற குழந்தைக்குக் கதவு திறக்கறது ஆடிஷன் இருந்தாதான். ரெண்டுக்கும் நடுவுல எனக்கு ஆடிஷன்தான் பிடிக்குது, ஆனா தோத்த குழந்தை அழறதை கேமரா கிட்டப் போய் காட்டறதை மட்டும் எந்த நாட்டுக்காரங்களும் பண்ணக் கூடாது. முன்னாடி 2005ல இருந்து 2015 வரைக்கும் இந்தப் போட்டில எல்லா நாட்டுக்கும் ஆரம்பத்துலயே 12 பாயின்ட் குடுத்துருவாங்க, எந்தக் குழந்தையும் ஜீரோவோட வீட்டுக்குப் போகக் கூடாதுன்னு. யார் யோசிச்சாங்களோ அவங்களுக்குக் கையெடுத்துக் கும்பிடணும்.

சரி ஸ்டுடியோவுக்கு வர்றேன். குறைகளும் இருக்கு. வீடியோ சுமார்தான், ஒரே ஒரு கேமரா, லைட் மஞ்சளா விழுது, பாப்பா போட்டிருந்த நீலக் கலர் சுடிதார் பச்சையாத் தெரிஞ்சுது, உங்களுக்கு வீடியோ முக்கியம்னா நல்ல ஃபோனை ஸ்டாண்டு போட்டு நீங்களே எடுங்க, ஆடியோவை மட்டும் அவர்கிட்ட வாங்கி சேத்துக்கலாம், அவரே அதைத்தான் சொல்றாரு. நடுவுல கரண்டு போச்சு, யுபிஎஸ் இருக்கு ஆனா ஹீட்டர் அதுல ஓடாது, பத்து நிமிஷத்துல ரூம் ஜில்லுன்னு ஆயிருச்சு, குழந்தைக்கு ஸ்வெட்டர், சாக்ஸ் எடுத்துட்டுப் போங்க. ஃபைல் அடுத்த நாள் தர்றேன்னாரு, மூணாவது நாள்தான் வந்துச்சு, ஒரு ஆளா பண்றதால அப்பிடி, எங்களுக்குக் கடைசி நாள் நெருக்கத்துல வயித்தைக் கலக்கிருச்சு, முன்கூட்டியே போயிருங்க. பாத்ரூம் கீழ் மாடில, தையல் கடைக்காரங்ககிட்ட சாவி வாங்கணும்.

ரேட் மணிக்கு 600, நாங்க மூணு மணி நேரம் இருந்தோம், மிக்ஸிங் தனியா 500, மொத்தம் 2,300 ஆச்சு. கீழ போன இடத்துல இதுக்கு மூணு மடங்கு குடுத்தேன். ஜிபே இருக்கு. இன்னொண்ணு, பொண்ணு குழந்தைங்களைக் கூட்டிட்டுப் போறவங்க கவனிக்கறது, பெத்தவங்க இல்ல வீட்டுப் பெரியவங்க யாராவது ரூமுக்குள்ளயே உக்காந்திருக்கணும்னு அவரே சொல்லிர்றாரு, வெளிய வெயிட் பண்ணுங்கன்னு அனுப்பறதே இல்ல. கதவுல கண்ணாடி இருக்கு. அந்த மூணு மணி நேரத்துல ஒரு தடவை கூட குழந்தைகிட்ட குரல் உசத்திப் பேசல.

முடிவு கேப்பீங்க. வீடியோ பாத்துட்டு அடுத்த கட்டத்துக்கு நேர்ல வரச் சொல்லிக் கூப்பிட்டாங்க, பாப்பா போய்ப் பாடினா, டிவில வர்ற ரவுண்டுக்குச் செலக்ட் ஆகல. ஒரு நாள் முழுக்க அழுதாளாம். ரெண்டாவது நாள் ஃபோன் போட்டு, சித்தி அந்த மாமாகிட்ட சொல்லு, மூணாவது வரில மூச்சு கரெக்டா விட்டேன்னு சொல்லுன்னா. நான் குன்னூர் போனப்ப மெனக்கெட்டு மாடி ஏறிச் சொன்னேன், அவர் மேஜை டிராயரைத் திறந்து அந்தப் பேப்பரை எடுத்துக் காட்டினாரு, ஐரிஷ் வரிக்குப் பக்கத்துல அவரோட பென்சில் எழுத்து, பத்திரமா வெச்சிருக்காரு. வயசு வரம்பு 9ல இருந்து 14, அவளுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்கு, அடுத்த லீவுக்கும் இங்கதான் வரப் போறா, டேட் இப்பவே சொல்லி வெச்சாச்சு.

என் ரேட்டிங் 5க்கு 4.5, அந்த அரை மார்க் வீடியோவுக்கும் லேட்டுக்கும். கோயமுத்தூர், திருப்பூர்ல இருந்து வண்டில வர்றவங்க இ-பாஸ் எடுத்துட்டு வாங்க, சந்துக்குள்ள கார் போகாது, மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடக்கணும். காலைல பத்துல இருந்து ஒண்ணு வரைக்கும் பக்கத்துல ஒரு வெல்டிங் பட்டறை ஓடும், கம்பளியையும் தாண்டி லேசாக் கேக்குது, அதனால மதியம் ரெண்டு மணிக்கு மேல டைம் கேட்டு வாங்கிக்கோங்க.